லென்ஸில் ஒட்டிய சந்தனம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் எந்த டீக்கடையில் நின்றாலும் பாய்லருக்குப் பின்னால் என் படம் தொங்கிய வருஷம் ஒன்று உண்டு. என் முகம் இல்லை, நான் எடுத்த படம். ஒரு நகைக்கடைக்காரர் தன்னுடைய தினசரி காலண்டர் அட்டையில் அதைப் போட்டிருந்தார். ஊர் முழுக்கப் பனியில் மறைந்துபோய், சிதம்பரம் கோயிலின் நாலு கோபுரங்கள் மட்டும் மேலே நிற்கிற படம். இடது பக்கத்துக் கோபுரத்தைச் சுற்றி மெல்லியதாக ஓர் ஒளி படர்ந்திருக்கும். அந்த ஒளியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். மாவட்ட அளவில் நடந்த ஒரு போட்டியில் முதல் பரிசும் கிடைத்தது. நடுவராக வந்தவர் மேடையில் ஒளியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நான் கீழே உட்கார்ந்து, அடக்கமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். எனக்குக் குடை ஒன்றுதான் பாக்கி.

மஞ்சக்குப்பத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. வருகிறவர்களை இருட்டறையில் உட்காரவைத்து, கண்ணில் வட்டமான சட்டத்தை மாட்டி, கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல மொதல்ல போட்டதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். வார விடுமுறையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கல்யாண வீடுகளில் ஆள்களை எடுப்பதில் எனக்கு ருசி இல்லை. ஆறு, கழனி, உப்பளம், கடல், வானம் இவைதான். இவற்றை எடுப்பதில் ஒரு வசதி, யாரும் வந்து "நான் கறுப்பா தெரியறேன்" என்று சண்டை போட மாட்டார்கள்.

அந்தப் படம் எடுத்த கதையைச் சொல்கிறேன். தை மாதம், என் வீட்டுக்காரருடைய மாமன் மகளுக்குக் கல்யாணம். பெண் வீடு புவனகிரி, கல்யாண மண்டபம் சிதம்பரத்தில். விடிகாலை முகூர்த்தம். பெண் வீட்டுப் பொம்பளைகளில் வாய் ஜாஸ்தியான ஆள் நான்தான் என்று முடிவுசெய்து, என்னை வாசலில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். சந்தனக் கிண்ணம், குங்குமம், கல்கண்டு, பன்னீர்ச் சொம்பு. வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீரைத் தெளித்துவிட்டு, நடுநடுவே கழுத்தில் தொங்கிய கேமராவை எடுத்து இரண்டு கிளிக். தாலி கட்டி முடிந்ததும் ஓமப்புகை கண்ணை அறுத்தது. மூச்சு வாங்கலாம் என்று மாடிப்படி ஏறி மொட்டை மாடிக்குப் போனேன்.

மாடியில் கதவைத் திறந்ததும் எனக்கு ஒரு கணம் எங்கே இருக்கிறேன் என்றே புரியவில்லை. ஊரைக் காணோம். எதிர் வீடு இல்லை, தெரு இல்லை, தண்ணித்தொட்டிகள் இல்லை, செல்போன் டவர் இல்லை. கைப்பிடிச் சுவர் வரைக்கும் வெள்ளையாகப் பனி நிரம்பியிருந்தது. அதற்கு மேலே, எதன்மேலும் நிற்காமல், நாலு கோபுரங்கள். நாலும் ஒரே பார்வையில். கீழ்வானம் அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தது. அந்தச் சிவப்பு கோபுரங்களின் ஒரு பக்கத்தில் மட்டும் படிந்திருந்தது. கீழே மேளம் வாசித்தார்கள். அந்தச் சத்தம் பனிக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. சின்ன வயதிலிருந்து பேருந்து ஜன்னலில் எத்தனையோ முறை பார்த்த கோபுரங்கள், அன்றைக்குத்தான் முதல் முறை பார்க்கிறேன் என்று தோன்றியது. கேமராவைத் தூக்கி அமுக்கினேன். அது உள்ளே மண்டப வெளிச்சத்துக்கு வைத்த அளவுகளிலேயே கிடந்தது. மாற்ற வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அதற்குள் கீழே பந்திக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாக ஊற்றும்போதும் எனக்கு நினைப்பெல்லாம் மாடியிலேயே இருந்தது.

பரிசும் காலண்டரும் வந்து, புகழும் கொஞ்சம் தலைக்கேறிய பிறகு, ஒரு நாள் அந்தக் கல்யாணப் பெண் போன் செய்தாள். செல்போன் தண்ணீரில் விழுந்து எல்லாம் போய்விட்டதாம், நான் எடுத்த கல்யாணப் படங்களை அனுப்ப முடியுமா என்று கேட்டாள். பழைய கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து தூங்குகிறார். அவருடைய வழுக்கைத் தலையைச் சுற்றி மெல்லியதாக ஓர் ஒளி படர்ந்திருந்தது. அடுத்ததில், படத்தின் அதே இடது பக்கத்தில் ஒரு டியூப் லைட்டுக்கு ஒளிவட்டம். அதற்கடுத்ததில் பாயசக் குண்டானுக்கு.

எழுந்து போய் கேமரா பையைக் கவிழ்த்தேன். அடியில் லென்ஸ் துடைக்கும் துணி கிடந்தது. கடையில் கண்ணாடி துடைத்துத் துடைத்துப் பழகிய கை, கல்யாணத்துக்கு மறுநாள் தன்பாட்டுக்கு லென்ஸையும் துடைத்து வைத்திருக்கிறது. துணியின் ஓரத்தில் மஞ்சளாகக் கறை. மோந்து பார்த்தேன். சந்தனம். வரவேற்பு மேஜையில் நின்ற என் விரல் லென்ஸின் ஓரத்தில் பட்டிருக்கிறது, அதன்மேல் பன்னீரும் தெளித்திருக்கிறது. நடுவர் மேடையில் உருகி உருகிப் பேசிய ஒளி அதுதான். நாள் முழுக்க ஊரார் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இவ்வளவு அழுக்கை வச்சிக்கிட்டு எப்பிடிப் பாக்குறீங்க?" என்று கேட்கிறவள் நான்.

யாரிடமும் மறைக்கவில்லை. முதலில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது.

"அப்ப அந்தச் சித்தப்பாவையும் காலண்டர்ல போட்டுருக்கலாம்" என்றார்.

கடையில் வேலை செய்கிறவர்களிடம் சொன்னேன், வந்த வாடிக்கையாளர்களிடமும் சொன்னேன். யாருக்கும் அது ஒரு குறையாகப் படவில்லை. சொல்லச் சொல்ல அவர்களுக்குப் படத்தின்மேல் மதிப்பு கூடிக்கொண்டே போனது. "சாமி சந்தனம்ல, அதான் அப்பிடி வந்துருக்கு" என்று ஓர் அம்மா தன் கண்ணாடியைக்கூட மறந்துவிட்டுப் போனார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் ஊரே காக்கைக்குப் பூச்செண்டு கொடுக்கும்போது காக்கை எங்கே போய் மூஞ்சியை வைத்துக்கொள்வது?

எனக்குள் அது அரிக்கத் தொடங்கிவிட்டது. அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரி உடைக்கிற வீட்டில் பிறந்தவள் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எங்களுக்கெல்லாம் முறத்தின் முன்னால் உட்கார்ந்து பருப்புப் பிரிக்கிற வேலை இருக்கும். முழுசு ஒரு பக்கம், பாதி ஒரு பக்கம், உடைசல் தனி, சொத்தை தனி. பிரிக்கும்போது பேசலாம், சிரிக்கலாம், ஆனால் ஒரு சொத்தை முழுசோடு போய்விட்டால் மூட்டையே திரும்பி வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் என் படங்களையும் கணினியில் அப்படியே பிரித்து வைப்பேன். நாலு கோப்புகள், அதே பெயர்களில். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பதால், எடுத்த அன்றே பிரிக்க மாட்டேன். கொஞ்ச நாள் ஆறவிட்டு, யாரோ எடுத்ததுபோல் எடுத்துப் பார்த்துத்தான் பிரிப்பேன். அப்படிப் பார்த்தால் என் முழுசுக் கோப்பில் மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். அவற்றில் முதலில் இருந்த கோபுரப் படத்தை அன்றைக்கு வெளியே எடுத்தேன். எங்கே போடுவது என்று தெரியவில்லை. அளவு தப்பு, லென்ஸ் அழுக்கு, பனி தானாக வந்தது, மாடிக்குப் போனதே புகைக்குப் பயந்து. இதில் நான் செய்தது என்ன என்று கேட்டால், விரலால் அமுக்கினேன், அவ்வளவுதான். அந்த விரலில்தான் சந்தனம்.

அந்த ஐப்பசியில் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்தது. குஜராத்தில் இருக்கிற அவர் கம்பெனியின் இன்னொரு தொழிற்சாலைக்கு. பொங்கல் முடிந்ததும் கிளம்ப வேண்டும். திரும்பி வருவோமா, எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை. பிள்ளை சென்னையில் படிக்கப் போய்விட்டாள், வீடு வாடகை வீடு, பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. எல்லோரும் எனக்கு அந்த ஊர்ச் சாப்பாடு எப்படி ஒத்துக்கொள்ளும் என்று கவலைப்பட்டார்கள். எனக்கு ஒரே கவலைதான் இருந்தது. சிதம்பரத்தில் பனி இறங்குவது மார்கழியிலும் தையிலும்தான். எனக்கு இன்னும் ஒரே ஒரு பனிக்காலம் இருக்கிறது. இந்த ஊரை விட்டுப் போவதற்குள் அந்தக் கோபுரங்களை ஒரு தடவையாவது நானாக எடுக்க வேண்டும். சந்தனம் இல்லாமல், தற்செயல் இல்லாமல், என் கண்ணும் கையும் சேர்ந்து எடுத்தது என்று சொல்லும்படி ஒரு படம். இல்லையென்றால் இத்தனை வருஷம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்ததற்குப் பன்னீர்ச் சொம்புதான் சாட்சி.

அவரிடம் சொன்னபோது அவர் கேலி செய்யவில்லை. "எப்பக் கெளம்பணும்னு சொல்லு, வண்டி எடுக்கறேன்" என்றார்.

மார்கழி பிறந்ததும் ஆரம்பித்தோம். அவருக்கு ஓய்வு நாள் எனக்கும் விடுமுறை நாளாக வருகிறபோதெல்லாம் விடியுமுன் கிளம்பிவிடுவோம். அவர் தலையில் மப்ளரைச் சுற்றி அதன்மேல் ஹெல்மெட்டை அமுக்கிக்கொள்வார். நான் பின்னால் கேமராப் பையைக் குழந்தைபோல் கட்டிக்கொண்டு, முக்காலியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு உட்காருவேன். பழைய மண்டபத்து மாடி இனி ஆகாது, பக்கத்தில் ஒரு விளம்பரப் பலகை எழுந்து இரண்டு கோபுரத்தை மறைத்துவிட்டது. சுற்றிச் சுற்றிப் பார்த்து ரயில் பாதைக்கு மேலே போகிற மேம்பாலத்தைப் பிடித்தேன். அங்கிருந்து ஊரின் கூரைகளுக்கு மேலே நாலும் தெரியும்.

பனிதான் வரவில்லை. ஒரு நாள் மேகம், ஒரு நாள் காற்று. ஒரு நாள் பிரமாதமான பனி ஆலப்பாக்கத்தைத் தாண்டும்வரை கூடவே வந்து, சிதம்பரத்துக்கு முன்னால் தொலைந்துபோனது. இன்னொரு நாள், நாங்கள் கடலூரில் படுத்துத் தூங்கிய அன்றைக்கு, சிதம்பரத்தில் இடுப்பளவு பனி என்று சொந்தக்காரர் ஒருத்தர் போனில் படம் அனுப்பினார். அதில் அவரும் அவருடைய மோட்டார் சைக்கிளும்தான் இருந்தார்கள். அவரைத் திட்டவும் முடியவில்லை.

ஆனால் போகிற வழியில் நாங்கள் பார்த்ததையெல்லாம் சொல்லாவிட்டால் அது பாவம். வெள்ளாற்றுப் பாலத்தில் ஒரு விடியலில் வண்டியை நிறுத்தினோம். ஆறு அசையாமல் கிடந்தது. வானம் அதில் முழுசாக இறங்கியிருந்தது. எங்கிருந்தோ நீர்க்காகங்கள் கூட்டமாகத் தண்ணீரை ஒட்டிப் பறந்து வந்தன. ஒவ்வொன்றும் தன் நிழலோடு சேர்ந்து இரண்டாகப் பறந்தது. பாலத்துக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வந்து, கடல் இருக்கிற திசைக்குப் போய்விட்டன. இன்னொரு நாள் சம்பா முற்றித் தலை சாய்ந்த கழனிகளில், நெல்லுக்கு மேலே கண்ணுக்கெட்டியவரை சிலந்தி வலைகள், ஒவ்வொரு வலையிலும் பனித்துளிகள். சூரியன் ஏறியதும் வயல் மொத்தமும் மினுக்கியது. இவ்வளவையும் ஒவ்வொரு நாளும் யார் பார்க்கிறார்கள் என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. யாருமே பார்க்காவிட்டாலும் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

எடுத்ததையெல்லாம் வீட்டுக்கு வந்து பிரிப்பேன். நாள் இல்லை என்பதால் ஆறவிடுகிற வழக்கத்தையும் விட்டுவிட்டேன், அன்றன்றைக்கே பார்ப்பேன். நீர்க்காகப் படம் உடைசல், முன்னால் பறந்ததற்குத் தலை இல்லை. சிலந்தி வலைப் படம் பாதி, அடிவானம் சாய்ந்திருக்கிறது. வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "உன் கையில மாட்டுனா கடவுளுக்கே ஒரு மார்க் கம்மிதான்" என்பார்.

"குத்தம் இருக்குது, சொல்றேன்."

"குத்தம் இல்லாதது எதுக்கு? நேர்ல பாத்தப்ப வாய்ல ஈ போறது தெரியாம நின்னியே, அப்ப அடிவானம் சாஞ்சா இருந்துச்சி?"

அதிர்ஷ்டத்தைப் பற்றி அவரிடம் ஒருமுறை கேட்டேன். நம்பிக்கை உண்டா என்று. கொஞ்சம் யோசித்தார். "பிளான்ட்ல ஒன்னும் நடக்காம ஷிஃப்ட் முடிஞ்சா அதான் எங்களுக்கு அதிர்ஷ்டம். வெளிய வந்து ஒரு டீ குடிப்பேன் பாரு, அந்த டீ மாதிரி எங்கயும் கெடைக்காது" என்றார். எதுவும் நடக்காததை அதிர்ஷ்டம் என்று சொல்கிறவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பொங்கல் வந்தது. போகிக்கு வீட்டில் எரிக்க நிறைய இருந்தது. சாமான்களை அட்டைப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டே பொங்கல் வைத்தோம். காணும் பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம் லாரி வருகிறது. கேமராவை மட்டும் பெட்டியில் போடாமல் வைத்திருந்தேன். லாரி வருகிற அன்றைக்கு விடியுமுன் அவரை எழுப்பவே எனக்குக் கூச்சமாக இருந்தது, முந்தின நாள் முழுக்கப் பீரோ தூக்கியவர். எழுந்து பார்த்தால் அவர் ஏற்கனவே மப்ளரைத் தேடிக்கொண்டிருந்தார். அது எந்தப் பெட்டியில் போனதோ, கிடைக்கவில்லை. என் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டார்.

கடலூர் எல்லையைத் தாண்டியதுமே தெரிந்துவிட்டது. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு தெரியவில்லை. அவர் வண்டியை உருட்டுகிற வேகத்தில் ஓட்டினார். புதுச்சத்திரம், முட்லூர், வெள்ளாறு, எல்லாம் வெள்ளைக்குள் வெள்ளை. பாலம் எது, ஆறு எது என்று சக்கரத்தின் சத்தத்தில்தான் கண்டுபிடித்தோம். இத்தனை நாள் கொடுக்காததையெல்லாம் சேர்த்துவைத்துக் கடைசி நாளில் கொடுக்கிறதா என்று நினைத்தேன்.

மேம்பாலத்தில் ஏறி, ஓரமாக முக்காலியை நிறுத்தினேன். லென்ஸைத் துடைத்தேன். மறுபடி ஒருமுறை துடைத்தேன். அவர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. கோபுரம் இருக்கிற திசையில் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. பஸ் போகும்போதெல்லாம் பாலம் அதிர்ந்தது. இரண்டு பஸ்ஸுக்கு நடுவில்தான் எடுக்க வேண்டும் என்பது பழைய நாள்களின் தோல்வியில் கற்றது. எல்லா அளவுகளையும் சரிபார்த்துக் காத்திருந்தேன். கீழே ஒரு ரயில் நுழைந்தது. பெட்டிகள் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் எங்கள் காலுக்கடியில் போனது.

ரயில் போன பிறகு பனி கொஞ்சம் கீழே இறங்கியது. முதலில் ஒரு கோபுரத்தின் உச்சி, பென்சிலில் லேசாக வரைந்ததுபோல். அப்புறம் இன்னொன்று. நான் அமுக்கினேன். உடனே குனிந்து கேமராவின் பின்பக்கத் திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூர்மை சரி. வெளிச்சம் சரி. ஆனால் ஒரு நூல் சாய்ந்திருக்கிறது. முக்காலியின் திருகைத் தளர்த்தி நிமிர்த்தினேன். மறுபடி அமுக்கினேன், மறுபடி குனிந்தேன். இப்போது இடது ஓரம் கொஞ்சம் ஜாஸ்தி. அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், இது பாதி, முழுசு இல்லை என்று மனத்துக்குள் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது தோளில் ஒரு கை பட்டது.

"ஏய், அங்க பாரு."

நிமிர்ந்தேன்.

நாலும் நின்றன. பனி அவற்றின் இடுப்புவரை வடிந்திருந்தது. எங்களுக்குப் பின்னால் ஏறிய சூரியன் எங்களைத் தாண்டிப் போய் நேராக அவற்றின்மேல் விழுந்தது. உச்சியில் கலசங்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு வந்தன. இது தெற்கு, இது கிழக்கு என்று பேர் சொல்லத் தெரியாமல் போனது எனக்கு. கற்கள் என்றோ, கட்டினார்கள் என்றோ தோன்றவில்லை. மண்டபத்து மாடியில் பார்த்ததைவிடப் பெரிது, அதைவிடக் கிட்டம். இவ்வளவு பெரிய ஒன்றுக்கு முன்னால் நிற்கிறேன் என்பதில் எனக்குப் பயம்கூட வந்தது. கண்ணில் தண்ணீர் நிறைந்து நாலும் எட்டாகத் தெரிந்தன. துடைத்துக்கொண்டு பார்த்தபோது பனி மறுபடி எழும்பிக்கொண்டிருந்தது. கலசங்கள் மட்டும் கொஞ்ச நேரம் நின்றன. அப்புறம் அவையும் போயின.

என் விரல் பித்தானின்மேல்கூட இல்லை.

அப்படியே பாலத்தின் ஓரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொல்லக்கூட எனக்கு வழி இல்லை, கூடம் அவ்வளவு நேராக இருந்தது. பனி வந்தது, சூரியன் வந்தது, பஸ்கூட வராமல் ஒதுங்கியது. நான் குனிந்து, முடிந்துபோன படத்தில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தேன். என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது. அவர் பிளாஸ்கைத் திறந்து டீயை ஊற்றிக் கொடுத்தார்.

"நான் மொதல்லயே பாத்துட்டேன்" என்றார். "கொஞ்ச நேரம் நானே பாத்துக்கிட்டு நின்னுட்டேன். ஒன்ன கூப்புடணும்னே தோணல. அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சி."

அவர் படங்களைப் பற்றியோ கோபுரங்களைப் பற்றியோ இப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. திட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு பனி எழும்பி, கிழிந்து, ஒன்றுமில்லாமல் போனது. சாதாரணக் காலை. ஊர் திரும்பி வந்தது. கறுப்பு நிறத் தண்ணித்தொட்டிகள், செல்போன் டவர்கள், துணி காய்கிற மாடிகள், கேபிள் வயர்கள், ஒரு மருத்துவமனைப் பலகை. இவற்றுக்கெல்லாம் மேலே அவை நாலும், ஒன்றும் நடக்காததுபோல் நின்றன. நான் முக்காலியை மடக்கப் போனேன். பாதி மடக்கிவிட்டு நிறுத்தினேன். தண்ணித்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதால் அவை ஓர் அங்குலம்கூடச் சிறுத்துப்போகவில்லை. பனி இருந்தபோது யார் வேண்டுமானாலும் வாயைப் பிளப்பார்கள். நேற்றும் அதற்கு முந்தின நாளும் ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்காதபோதும் இவை இந்த உயரத்தில்தான் நின்றிருக்கின்றன என்று நினைத்தபோது உடம்பு மறுபடி சிலிர்த்தது.

பெரிய லென்ஸைக் கழற்றி, ஊரும் சேர்ந்து விழுகிற சின்ன லென்ஸைப் போட்டேன். இப்போது அவசரமே இல்லை. வெளிச்சம் எங்கேயும் ஓடப் போவதில்லை. ஒரு படம் எடுத்துப் பார்த்தேன், ஒரு டவர் கோபுரத்தின் தலையிலிருந்து முளைத்ததுபோல் இருந்தது. முக்காலியைத் தூக்கி நகர்த்தினேன். இன்னொன்றில் வயர் குறுக்கே வந்தது, உயரத்தை மாற்றினேன். ஒரு மாடியில் புடவை காயப்போட வந்த பெண்மணி உலர்த்திவிட்டு இறங்கும்வரை காத்திருந்தேன். அப்புறம் அந்தப் பச்சைப் புடவையும் இருக்கட்டும் என்று தோன்றியது. வீட்டுக்காரர் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, என் துப்பட்டாவைச் சுற்றியபடியே நின்றார். கடைசியில் ஒன்று எடுத்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பனி இல்லை, ஒளிவட்டம் இல்லை, அதிர்ஷ்டம் ஒரு சிட்டிகைகூட இல்லை. நானாக எடுத்த படம். கிடைத்துவிட்டது என்று வாய்விட்டே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்தேன். படம் திரை முழுக்க விரிந்தது. மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். வானம், கலசங்கள், கோபுரங்கள், கூரைகள், பச்சைப் புடவை. குறை ஒன்றும் சொல்ல முடியவில்லை. அடியில், ரயில்பாதைக்குப் பக்கத்துக் காலி மைதானத்துக்கு வந்தபோது நின்றுவிட்டேன். மண்ணில் மேம்பாலத்தின் நிழல் நீளமாக, கோடு போட்டதுபோல் விழுந்திருந்தது. அந்தக் கோட்டின்மேல் இரண்டு உருவம். ஒன்று முக்காலியின்மேல் குனிந்திருந்தது. இன்னொன்று தலையில் துணி சுற்றி, பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு எடுக்கும்போது தன் நிழல் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது கேமரா வாங்கிய முதல் வாரத்தில் கற்கிற பாடம். அவ்வளவு நேரம் அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த என் கண்ணில் அது படவே இல்லை.

"சீ" என்றேன்.

கையில் ஒட்டு டேப்போடு வந்தவர் குனிந்து பார்த்தார். "இது இன்னா, கீழ?"

"நாமதான் மாமா. நெழல் உள்ள வந்துடுச்சி. அடிப்பக்கம் கொஞ்சம் வெட்டிட்டா போயிடும்."

வெட்டுவதற்கான கோட்டை அந்த இரண்டு தலைக்கும் மேலே இழுத்து வைத்தேன். அவர் என் பக்கத்தில் தரையில் குந்தி, திரைக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோய், நிமிர்ந்து நின்ற அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே லாரி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"வெட்டாத" என்றார். "நாளைக்கி நாம அங்க இருக்க மாட்டோம்."

அவர் எழுந்து லாரிக்காரரிடம் பேசப் போனார். நான் கோட்டைப் பழைய இடத்துக்கே இழுத்து விட்டுவிட்டு, கணினியை மூடாமல் அந்த இரண்டு நிழலையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.